தேடிப்போன கைகள்
கரிசல் பூமியில் பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலமும் ஊனமுற்ற குழந்தைகளின் படிப்பும்: ஒரு வரலாற்றுப் பார்வை



மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, "ஹாஸ்டல் மெஸ், அரியர் பேப்பர், பஸ் ஸ்டிரைக் எல்லாம் மத்தவங்க எழுதிட்டாங்க. நீ நம்ம வட்டாரத்தைப் பத்தி ஏதாவது உருப்படியா எழுது" என்று சொல்லிவிட்டார்கள். கோவில்பட்டி என்றால் தீப்பெட்டி, கடலைமிட்டாய், ஹாக்கி, பருத்தி. இவற்றைப் பற்றி நம் மலரில் பல தடவை வந்தாகிவிட்டது. யாரும் அதிகம் எழுதாத ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. இந்தக் கரிசல் மண்ணில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வயிற்றையும் கண்ணையும் காலையும் யார் கவனித்தார்கள்? பார்வை இல்லாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, கால் சூம்பிய பிள்ளை, இவர்களுக்குப் படிப்பு எப்படி வந்தது, எவ்வளவு தூரம் வந்தது?

இன்ஜினீயருக்கு வரலாற்றில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கட்டடத்தில் விரிசல் விட்டால் முதலில் அஸ்திவாரத்தைத்தானே பார்க்கிறோம். அந்த மாதிரி வேலைதான் இதுவும்.

ஒரு சொல் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று 'மாற்றுத்திறனாளி' என்பதே வழக்கு. பழைய நிகழ்ச்சிகளைச் சொல்லும் இடங்களில் அந்தக் காலத்துச் சொல்லையே எழுதியிருக்கிறேன். யாரையும் குறைத்துச் சொல்லும் எண்ணம் இல்லை.

சீமையில் ஒரு சட்டம்

முதலில் கொஞ்சம் வெளியூர் போய்வருவோம். 1899 முதல் 1902 வரை பிரிட்டன் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடத்தியது. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது வந்து நின்ற இளைஞர்களில் ஏராளமானவர்கள் உடல் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். உலகத்தையே ஆளுகிற நாட்டில் துப்பாக்கி தூக்கத் தெம்பான ஆள் இல்லையா என்று அங்கே பெரிய விவாதம் எழுந்தது. 1904-ல் ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. 1906-ல் ஏழைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட உள்ளூர் மன்றங்களுக்கு அதிகாரம் தரும் சட்டமும், 1907-ல் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனையைக் கடமையாக்கும் சட்டமும் வந்தன. பட்டாளத்துக்கு ஆள் தேடப் போய்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பசி கண்ணில் பட்டது என்று சொல்லலாம்.

அடுத்த பெரிய படி, இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944-ல் வந்த கல்விச் சட்டம். அதில் ஒரு பிரிவை நாம் கவனிக்க வேண்டும். இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளில் யாருக்கெல்லாம் தனிக் கவனிப்போடு கல்வி தேவை என்று கண்டுபிடிப்பது உள்ளூர்க் கல்வி அதிகாரியின் கடமை என்று அந்தச் சட்டம் சொன்னது. பெற்றோர் கேட்டால் டாக்டரைக் கொண்டு பரிசோதித்துச் சொல்ல வேண்டும். அதிகாரி கூப்பிட்டும் பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்து வராத பெற்றோருக்கு அபராதம்கூட உண்டு. 1945-ல் வந்த விதிகள் அப்படிப்பட்ட பிள்ளைகளை 11 வகையாகப் பிரித்தன. பார்வை இல்லாதவர், பார்வை குறைந்தவர், காது கேளாதவர், காது மந்தமானவர், நீரிழிவு உள்ளவர், வலிப்பு உள்ளவர், பேச்சுக் குறை உள்ளவர், உடல் ஊனமுற்றவர் என்று அந்தப் பட்டியல் போகிறது. 1946 முதல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தினமும் மூன்றில் ஒரு பைண்ட், அதாவது கிட்டத்தட்ட 190 மில்லி பால் இலவசம். 1948-ல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியதும் கண்ணாடியும் காது கருவியும் இலவசமாகக் கிடைத்தன.

எல்லாமே சரியாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். பல பிள்ளைகள் வீட்டை விட்டு வெகுதூரத்தில் தனிப் பள்ளிகளில் தங்க வைக்கப்பட்டார்கள். மூளை வளர்ச்சி மிகவும் குன்றிய குழந்தைகளை 'கல்வி கற்பிக்க முடியாதவர்கள்' என்று முத்திரை குத்திப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 1970-ல் வந்த ஒரு சட்டத்தின் மூலம் 1971 ஏப்ரல் முதல்தான் அவர்களும் பள்ளிப் பிள்ளைகள் ஆனார்கள். 1978-ல் வார்னக் குழு அறிக்கையும் 1981-ல் புதிய சட்டமும் வந்த பிறகே, முடிந்தவரை எல்லோரும் ஒரே பள்ளியில் படிக்கட்டும் என்ற எண்ணம் வேர்விட்டது. இலவசப் பாலும் நிலைக்கவில்லை. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த பாலை 1971-ல் நிறுத்தினார்கள். அப்போது கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர்.

ஆனாலும் அந்தச் சட்டத்திலிருந்து ஒரு வார்த்தையை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். "கண்டுபிடி." பெற்றோர் மனு எழுதிக்கொண்டு வரட்டும் என்று அதிகாரி உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நம்ம ஊர்க் கதையை அளந்து பார்க்கப் போகிறேன்.

நம் நாட்டிலும் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. பரோடாவில் 1909-லேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்திருக்கிறது. 1946-ல் வெளிவந்த போர் குழு அறிக்கை (சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்தது, யுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) பள்ளிச் சுகாதாரச் சேவை வேண்டும் என்றது. 1960-ல் ரேணுகா ராய் தலைமையில் அதற்கென்றே ஒரு குழு அமைக்கப்பட்டு, 1961-ல் அறிக்கையும் கொடுத்தது. அறிக்கைகள் வந்த வேகத்தில் டாக்டர்கள் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வந்து சேரவில்லை. ஆகவே நம் வட்டாரத்தில் இந்த வேலையை முதலில் செய்தவர்கள் சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் அல்ல.

பாளையங்கோட்டையில் இரண்டு பெண்கள்

1986-ல் தனி மாவட்டம் பிரியும்வரை கோவில்பட்டி திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. நமக்கு ஜில்லாத் தலைநகரம் என்றால் திருநெல்வேலியும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாளையங்கோட்டையும்தான். பாளையங்கோட்டையைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்குக் கல்லூரிகளைத்தான் காரணமாகச் சொல்கிறோம். எனக்குத் தெரிந்து, அதைவிடப் பெரிய காரணங்கள் அங்கே இரண்டு உண்டு.

ஒன்று, 1890-ல் மிஷனரி ஆசிரியை ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி. இரண்டாவது, 1897-ல் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி. இந்தியாவில் இந்த வேலையைத் தொடங்கிய முதல் சில பள்ளிகளில் இவை இரண்டும் அடங்கும். காது கேளாதோர் பள்ளி இன்றும் சுவைன்சன் அம்மையார் பெயரிலேயே நடக்கிறது.

ஆஸ்க்வித் அம்மையாருக்கு முதலில் வந்த சிக்கல் எழுத்துச் சிக்கல். பிரான்சில் லூயி பிரெயில் 1829-ல் வெளியிட்ட முறையில் ஆறு புள்ளிகள். ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். தமிழிலோ உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று 247 எழுத்துகள். 247-ஐ 63-க்குள் எப்படி அடக்குவது? நம்மைப் போன்றவர்களுக்கு இது ஒரு நல்ல 'கோடிங்' கணக்கு. உயிர்மெய்க்குத் தனி வடிவம் வேண்டாம், மெய்க்கு ஒரு வடிவமும் உயிருக்கு ஒரு வடிவமும் அடுத்தடுத்து வைத்தால் போதும் என்பதுதான் இதற்கு விடை. அம்மையார் தமிழுக்கென ஒரு பிரெயில் முறையை வகுத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்தில் இந்தியாவில் ஆளுக்கொரு முறை இருந்தது. ஒரு பள்ளியில் படித்த பிள்ளைக்கு இன்னொரு பள்ளியின் புத்தகம் புரியாது. 1951-ல் எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக 'பாரதி பிரெயில்' வந்த பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது. கோவில்பட்டியில் ஏறி மணியாச்சியில் மாறினால் திருநெல்வேலி. ஆகவே நம் வட்டாரத்துப் பிள்ளைக்குப் பாளையங்கோட்டை எட்டாத தூரம் இல்லை. ஆனால் அப்படி ஒரு பள்ளி இருக்கிறது என்ற சேதி கரிசல் காட்டு ஊருக்குள் வர வேண்டும். வந்த சேதியை நம்பி, கண் தெரியாத பிள்ளையைக் கண்காணாத ஊரில் விட ஒரு தாய்க்கு மனசு வர வேண்டும். மானாவாரி வெள்ளாமை பொய்த்த வருஷத்தில் ரயில் சத்தத்துக்குக் காசும் வேண்டும். இந்த மூன்றும் ஒரு வீட்டில் சேர்ந்து அமைவது எவ்வளவு அபூர்வம் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எட்டயபுரத்துச் சாப்பாடு

உடல்நலம் என்றால் நம்ம ஊரில் முதல் மருந்து சோறுதான். இந்தக் கதை சென்னையில் தொடங்குகிறது. 1920-ல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராய செட்டியார், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவுக்குத் தீர்மானம் கொண்டு வந்தார். ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. அந்தத் திட்டம் நீடிக்கவில்லை.

1954-ல் முதலமைச்சரான காமராஜர் விருதுநகர்க்காரர், அதாவது நம்ம பக்கத்து ஊர்க்காரர். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனிடம் "ஏன் பள்ளிக்கூடம் போகலை?" என்று அவர் கேட்டதாகவும், "போனா சோறு நீயா போடுவே?" என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் நடந்தது என்பார்கள். கதை எப்படியோ, காரியம் நடந்தது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில், பாரதி பிறந்த எட்டயபுரத்தில், 1956-ல் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் தொடங்கி வைத்தார். நமக்கெல்லாம் அது தனிப் பெருமை. கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களிடமே தானியமும் பணமும் கேட்டு வாங்கி அந்த அடுப்பை எரிய வைத்தார். பிறகு அரசு மானியம் வந்தது. 1961 முதல் 'கேர்' நிறுவனம் பால் பவுடர், எண்ணெய், மக்காச்சோள ரவை எல்லாம் கொடுத்தது. அந்த மஞ்சள் உப்புமாவின் வாசனையை இன்றும் சொல்லிச் சிரிக்கும் தாத்தா பாட்டிகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். பின்னால் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியும் வந்தது. ஒரு அணாவில் தொடங்கியது நூறு வருஷத்தில் இரண்டு வேளைச் சாப்பாடாக வளர்ந்திருக்கிறது.

சாப்பாட்டுக்கும் பள்ளிச் சுகாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்? பெரிய சம்பந்தம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளையை டாக்டர் எங்கே போய்ப் பார்ப்பது? சோறு போட்ட பிறகுதான் பிள்ளைகள் ஒரு இடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்த பிறகுதான் எந்தப் பிள்ளைக்குச் சொறி, எந்தப் பிள்ளைக்குச் சாயங்காலமானால் தட்டு தெரியவில்லை என்று வாத்தியார் கண்ணுக்கும் ஆயாம்மா கண்ணுக்கும் பட்டது.

மாலைக்கண்ணும் வடமலாபுரத்து டாக்டரும்

சாயங்காலமானால் தட்டு தெரியாத அந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது மாலைக்கண். வைட்டமின் 'ஏ' குறைவால் வருவது. கம்பும் சோளமும் மட்டுமே சாப்பாடு; மழை பொய்த்தால் கீரை இல்லை, மாட்டுக்குத் தீவனம் இல்லை, ஆகவே பாலும் இல்லை. இந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்குத் தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ வந்தால், உடம்பில் மிச்சமிருந்த சத்தும் கரைந்து கருவிழியே உருகிப் போகும். ஒரு வாரத்துக்குள் பார்வை போய்விடலாம். போன பார்வை திரும்பாது. ஆனால் முன்கூட்டியே கவனித்தால் இதைத் தடுப்பது மிகச் சுலபம். முருங்கைக்கீரை போதும், சொட்டு மருந்து போதும். 1970-ல் மத்திய அரசு ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைட்டமின் 'ஏ' கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

இந்த வியாதியோடு மல்லுக்கு நின்ற ஒருவர் நம் மண்ணிலேயே பிறந்தவர். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. 1918 அக்டோபர் 1-ல் எட்டயபுரம் பக்கத்தில் அயன் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பிரசவத்தில் தன் சொந்தக்காரப் பெண்கள் இறந்து போனதைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று படித்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் பட்டம் வாங்கி, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் முடக்குவாதம் அவரைப் பிடித்தது. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது விரல்கள் கோணிப் போயிருந்தன. பேனா பிடிப்பதே கஷ்டம். மகப்பேறு மருத்துவம் கைவிட்டுப் போனது.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். அவர் கண் மருத்துவத்தைப் பிடித்தார். அந்தக் கோணல் விரல்களுக்குத் தோதாகக் கருவிகளை மாற்றி அமைத்து, கத்தி பிடித்துப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேலான கண் ஆபரேஷன்கள் செய்தார். 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவரானார். எட்டயபுரத்தில் சோறு போடத் தொடங்கிய அதே வருஷம்! கண் முகாம்களைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். 1970களில் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் வைட்டமின் 'ஏ' குறைந்த குழந்தைகளுக்கென ஒரு ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் நடந்தது. அதன் பின்னணியில் இருந்தவர்களில் முக்கியமானவர் இவர். பிள்ளையோடு தாயையும் தங்கவைத்து, கையில் இருக்கும் காசுக்குள் கிடைக்கிற கீரை, பயறு வகைகளைக் கொண்டே எப்படிச் சமைப்பது என்று கற்றுக்கொடுத்தார்கள். கண்ணைக் காப்பாற்ற அடுப்பங்கரையிலிருந்து தொடங்கினார்கள். 1976-ல், 58 வயதில் ஓய்வு பெற்று, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 2006 ஜூலை 7-ல் காலமானார். அரவிந்த் ஆஸ்பத்திரியின் கதை இன்று உலகத்து நிர்வாகக் கல்லூரிகளில் பாடம்.

அவருக்கு உறுதுணையாக இருந்தவர் இங்கிலாந்தின் சர் ஜான் வில்சன். பள்ளி ரசாயனக் கூடத்தில் நடந்த விபத்தில் 12 வயதில் இரண்டு கண்ணையும் இழந்தவர். காமன்வெல்த் நாடுகளில் பார்வையின்மை ஒழிப்புக்காகப் பெரிய அமைப்பை நடத்தியவர். கண் இழந்த ஒருவரும் விரல் முடங்கிய ஒருவரும் சேர்ந்து நம்ம பிள்ளைகளின் கண்ணுக்காக உழைத்திருக்கிறார்கள். 'ஊனம்' என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் இருந்தாலும், இந்த இருவரையும் பார்த்த பிறகு அதைத் திருத்தி எழுதத்தான் வேண்டும்.

கையை முழங்காலில் ஊன்றி

அடுத்தது இளம்பிள்ளை வாதம். 1955-ல் சால்க் தடுப்பூசி வந்தது. பிறகு சேபின் கண்டுபிடித்த சொட்டு மருந்து வந்தது. நம் கிராமங்கள் வரை அது முழுசாக வந்து சேர இன்னும் பல வருஷம் ஆனது. 1995-ல் நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் 'பல்ஸ் போலியோ' தொடங்கியது. தமிழ்நாட்டில் 2004-க்குப் பிறகு போலியோ இல்லை. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத பகுதி என்ற சான்றிதழும் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்களே, அந்த நர்ஸம்மாக்களும் அங்கன்வாடி அக்காக்களும் செய்த காரியம் இது. வீடு வீடாகப் போய், விரலில் மை வைத்து, விட்டுப்போன பிள்ளையைத் தேடிப் பிடித்தார்கள். "கண்டுபிடி" என்ற அந்த வார்த்தை நம் நாட்டில் முழுசாக நிறைவேறியது இந்த ஒரு விஷயத்தில்தான்.

ஆனால் சொட்டு மருந்துக்கு முன்னால் வந்துவிட்டவர்களின் கதை வேறு. எங்கள் ஊரில் எனக்குச் சில வகுப்பு மேலே ஒரு அண்ணன் படித்தார். இடது கால் சூம்பியிருக்கும். கையை முழங்காலில் ஊன்றி ஊன்றி நடப்பார். கணக்கில் புலி. எட்டாவது வரை உள்ளூரில் படித்தார். ஒன்பதாவதுக்கு ஐந்து மைல் தள்ளி டவுனுக்குப் போக வேண்டும். பஸ் படி உயரம்; கூட்டத்தில் அவர் ஏறுவதற்குள் பஸ் கிளம்பிவிடும். தட்டுத் தடுமாறிப் போய்ச் சேர்ந்தாலும் வகுப்பு மாடியில். அரைப் பரீட்சையோடு நின்றுவிட்டார். தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்தார். யாரும் அவரைப் போ என்று சொல்லவில்லை. ஏன் வரவில்லை என்றும் யாரும் கேட்கவில்லை. அவர் படிப்பை நிறுத்தியது போலியோவா, பஸ் படியா? இன்ஜினீயராக யோசித்தால் எனக்குப் படி என்றுதான் தோன்றுகிறது. போலியோவுக்கு அன்று மருந்து இல்லை. படிக்கு இருந்தது.

தீப்பெட்டி ஆபீஸ் பஸ்

நம் வட்டாரத்துப் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பேசும்போது தீப்பெட்டியைத் தாண்டிப் போக முடியாது. 1980களில் விடியற்காலையிலேயே ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன தீப்பெட்டி ஆபீஸ் பஸ்களை நம் அண்ணன் அக்காமார் பார்த்திருக்கிறார்கள். பலர் அதில் போயும் இருக்கிறார்கள். சக்கையில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது. விரலுக்கும் முதுகுக்கும் கண்ணுக்கும் ஓயாத வேலை, மூச்சுக்கு மருந்து நெடி. மழையை நம்ப முடியாத பூமியில் அந்தக் கூலிதான் பல வீடுகளில் அடுப்பு எரித்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-ல் தேசியத் திட்டத்தின் கீழ் வேலைக்குப் போன பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் வந்தன. சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இதோடு சத்துணவும் இலவச பஸ் பாஸும் சேர்ந்து, ஒரு தலைமுறைக்குள் நிலைமை மாறியது. அந்தப் பஸ் வந்த அதே ரோட்டில் இன்று பள்ளி, கல்லூரி பஸ் வருகிறது. அந்த பஸ்ஸில் ஏறி வந்தவர்கள்தான் நம்மில் பலர்.

ஆய்க்குடியிலிருந்து ஒரு இன்ஜினீயரிங் மாணவர்

பாளையங்கோட்டைக்குப் பிறகு நம் பக்கத்தில் நடந்த பெரிய காரியம் தென்காசி அருகே ஆய்க்குடியில். எஸ். ராமகிருஷ்ணன் என்ற இளைஞர் கோவையில் இன்ஜினீயரிங் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். 1975 ஜனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரி தேர்வில் நடந்த உடற்தகுதிச் சோதனையின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதும் செயலிழந்தது. ஊர் திரும்பியவர், 1981-ல், அதாவது ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த வருஷத்தில், 'அமர் சேவா சங்கம்' தொடங்கினார். ராணுவ ஆஸ்பத்திரியில் தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக அந்தப் பெயர். சில குழந்தைகளோடு தொடங்கியது. தசைச் சிதைவு நோய் உள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமனும் 1992-ல் வந்து சேர்ந்தார். இன்று பள்ளி, மருத்துவப் பயிற்சி, தொழிற்பயிற்சி என்று விரிந்திருக்கிறது. 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அங்கே எனக்கு முக்கியமாகப் படுவது கட்டடங்கள் அல்ல. அவர்களுடைய பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீடு தேடிப் போகிறார்கள். கழுத்து நிற்காத குழந்தை, கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, இரண்டு வயதாகியும் நடக்காத குழந்தை. சின்ன வயதிலேயே கண்டுபிடித்துத் தாய்க்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். 1944-ல் சீமைச் சட்டம் காகிதத்தில் எழுதியதை, சக்கர நாற்காலியில் இருந்த இரண்டு பேர் பொதிகை மலை அடிவாரத்தில் செய்து காட்டினார்கள்.

சட்டம் வந்தது, சரிவுப்பாதை?

இப்போது நமக்கும் சட்டம் இருக்கிறது. 1995-ல் முதல் சட்டம். 2016-ல் இன்னும் விரிவான சட்டம். 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதில் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. உயர்கல்வி நிலையங்களில் 5 சதவீத இடம் உண்டு. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைக் கண்டறியப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை கணக்கெடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பார்த்தீர்களா, "கண்டுபிடி" என்பது நம் சட்டத்திலும் வந்துவிட்டது! 2013 முதல் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு நேரில் போய் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கும் திட்டமும் நடக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். ஆனால் நம் தெருவில், நம் வகுப்பில், நம் ஆபீசில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்? மீதிப் பேர் எங்கே? பெரும்பாலும் வீட்டுக்குள்ளே. சட்டம் ஊர் எல்லை வரை வந்துவிட்டது. வீட்டு வாசலில் இருந்து வகுப்பறை வரை உள்ள தூரத்தை இன்னும் யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டுதான் கடக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அந்த ஒருவர் அம்மா. பிள்ளை வளர வளர எடை கூடும். அம்மாவுக்கு வயசு கூடும். ஒரு நாள் தூக்க முடியாமல் போகும். அன்றைக்குப் படிப்பு நிற்கும்.

நம்மால் ஆகக்கூடியது

வரலாறு சொல்லிவிட்டு எழுந்து போனால் மரியாதை இல்லை. நமக்குத் தெரிந்த தொழிலில் இருந்தே சில காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, சரிவுப்பாதை. தரமான சரிவுக்கு விகிதம் 1:12. வாசல் ஒன்றரை அடி உயரம் என்றால் பாதை 18 அடி நீளம் வேண்டும். அகலம் குறைந்தது நாலடி, பக்கத்தில் கைப்பிடி, மேலே நாற்காலி திரும்ப இடம். பல பள்ளிகளில் சரிவுப்பாதை என்ற பெயரில் ஆறடிக்குள் சிமெண்ட் பூசி வைத்திருக்கிறார்கள். அதில் நாற்காலி ஏறாது, சைக்கிள்தான் ஏறும். இதைக் கணக்குப் போட்டுக் கட்டிக்கொடுக்க நம்மை விட்டால் யார்? சிவில் படித்த நண்பர்கள் ஆளுக்கு ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டால் போதும். கழிப்பறைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரண்டு, கண் பரிசோதனை. சுவரில் ஒரு எழுத்து அட்டை, 20 அடி தூரம், ஒரு கையால் ஒரு கண்ணை மூடிப் படிக்க வேண்டும். இதற்கு டாக்டர் வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும் தம்பி தங்கைகள் ஒரே நாளில் ஒரு பள்ளியை முடித்துவிடலாம். சரியாகப் படிக்காத பிள்ளைகளின் பெயரைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தால், கண்ணாடிக்கு அரசுத் திட்டம் இருக்கிறது. 'மக்குப் பிள்ளை' என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தவன் ஒரு கண்ணாடியில் முதல் பெஞ்சுக்கு வந்த கதை எத்தனையோ உண்டு.

மூன்று, பரீட்சைக்குப் பதிலி எழுதுபவர். பார்வையில்லாத மாணவர்கள் ஒவ்வொரு பரீட்சைக்கும் ஆள் தேடி அலைகிறார்கள். மூன்று மணி நேரம் நம் கையைக் கடனாகக் கொடுப்பதற்குக் காசு செலவில்லை.

நான்கு, நம் கல்லூரி. சட்டப்படி ஒதுக்கிய இடங்களுக்கு விண்ணப்பம் வர வேண்டுமானால், இங்கே வந்தால் படிக்க முடியும் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைக்கு வர வேண்டும். ஆய்வகத்து மேஜை உயரம், மாடி வகுப்பு, நூலக வாசல் இவற்றை ஒரு தடவை சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் எங்கே தடங்கல் என்று உடனே தெரிந்துவிடும். இந்த வருஷச் சங்கக் கூட்டத்தில் இதற்கென ஒரு சிறு குழுவும் ஒரு நிதியும் அமைக்க வேண்டும் என்று இந்த மலர் மூலமாகவே முன்மொழிகிறேன். வழிமொழிய ஆள் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது.

ஆஸ்க்வித் அம்மையாரும் சுவைன்சன் அம்மையாரும் கடல் தாண்டி வந்தவர்கள். எட்டயபுரத்தில் சோறு போட்டவர் ஆறாவதோடு படிப்பை விட்டவர். வடமலாபுரத்து டாக்டருக்கு விரல் நிமிராது. ஆய்க்குடிக்காரருக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. இவர்கள் யாரும் பிள்ளை தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தாங்களே தேடிப் போனார்கள். நமக்குப் படிப்பும் இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது, இரண்டு கையும் காலும் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூடம் எத்தனை படி உயரத்தில் இருக்கிறது என்று அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு அளவு டேப் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அளந்த கணக்கைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள்.